மூன்று மணிக்குள் ஒரு பல்

அத்தியாயம் 6

உள்ளே விட்டார்கள். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

தமவுவா மேட்டில் அந்த வீட்டு வாசலில் நின்ற இரண்டு சிப்பாய்களும் என் டாக்ஸியின் டிக்கியைத் திறந்து பார்த்தார்கள், ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தார்கள், என் சாப்பாட்டு டப்பாவை மோந்துகூடப் பார்த்தார்கள். பிறகு போகலாம் என்று கை காட்டினார்கள். கேட்டைச் சாத்திப் பூட்டு போட்ட பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்கள். மூன்று மணி வரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது, மேலிடத்து உத்தரவு. வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லையாம்.

"எலிப்பொறிக்கும் இதே சட்டம்தான் அக்கா" என்றேன்.

உனைசி அக்கா சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் எங்கள் தீவின் தலைநகரான சுவாவின் போலீசில் துப்பறிந்துவிட்டு, ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுநாள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தவள் அவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். நான் மாரப்பன். டாக்ஸி என்னுடையது, மூளை அவளுடையது, வாய் இரண்டு பேருக்கும் சேர்த்து என்னுடையது. மணி அப்போது பதினொன்றேகால்.

எங்களைக் கூப்பிட்டவர் இசிரேலி ஐயா, ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட். அன்று காலை ரேடியோவில் இடைக்கால மந்திரிசபையின் பன்னிரண்டு பெயர்களை வாசித்தார்கள். எட்டாவது பெயர் அவருடையது, நீதி இலாகா. அவர் பதில் சொல்வதற்கு முன்பே வாசித்துவிட்டார்கள், அவருக்கே அது ரேடியோவைக் கேட்டுத்தான் தெரியும். வாழ்த்துச் சொல்லச் சொந்தக்காரப் பெரியவர்கள் மூன்று பேர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரும் கையுமாகக் காலையிலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் இப்போது பொறிக்குள்தான். ஆனால் யங்கோனா இருக்கிற வரைக்கும் அவர்களுக்கு அது உறைக்காது.

ஐயா எங்களைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் கேப்டன் நெமானி வந்திருக்கிறான். ஆட்சியைப் பிடித்த பிரிகேடியரின் சார்பாக மந்திரியாகச் சொல்லிக் கேட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தம்புவாவை ஐயாவுக்கு முன்னால் வைத்திருக்கிறான். திமிங்கலப் பல். ஒரு சாண் நீளம், தேங்காய் நாரில் பின்னின கயிறு, எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தேன் நிறம். ஐயா அதைத் தொடவில்லை, யோசிக்க ஓர் இரவு வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். நாளை மூன்று மணிக்கு வருகிறேன், பல்லை என் கையில் திருப்பிக் கொடுத்தால் பேச்சு முடிந்தது, இல்லையென்றால் காரில் ஏறிப் பதவிப் பிரமாணத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

காலையில் பார்த்தால், அலமாரி மேல் பைபிள் பக்கத்தில் இருந்த பல்லைக் காணோம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். தம்புவாவைத் திருப்பிக் கொடுக்காதவன் கேட்டதற்குச் சம்மதித்தவன். துப்பாக்கியைக் காட்டி வாங்கின சம்மதத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். தம்புவாவை வைத்துக்கொண்டு பேச்சு மாறினவன் சொந்தக் கிராமத்தில் பாயில் உட்கார முடியாது.

"மந்திரியான உடனே மொதல்ல எதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"மன்னிப்புல" என்றார் ஐயா.

அவர் ஓய்வு பெறுவதற்கு முன் விசாரித்த கடைசி வழக்கு பெனியின் மரணம். பத்தொன்பது வயசுப் பையன். பிரிகேடியரைத் திட்டிப் பேசினான் என்று முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அடித்துக் கொன்றிருக்கிறார்கள், அடித்தவர்கள் சீருடைக்காரர்கள், பெயர் தெரியவில்லை என்று ஐயா தீர்ப்பு எழுதினார். இப்போது அந்தச் சீருடைக்காரர்களுக்கு மன்னிப்பு கொடுக்க ஒரு சட்டம் தயாராக இருக்கிறது. அன்றைக்குத் தீர்ப்பு எழுதின அதே கை கையெழுத்துப் போட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்று கணக்கு. நன்றாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள், பாவிகள்.

"மூணு மணிக்குள்ள அந்தப் பல்லு என் கைக்கு வரணும் உனைசி" என்றார் ஐயா. குரலை உயர்த்தவில்லை.

பல் வீட்டை விட்டுப் போகவில்லை, அது நிச்சயம். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து கேட்டில் காவல் இருக்கிறது. ஒரு சாண் பல்லைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு அந்தச் சிப்பாய்களைத் தாண்ட முடியாது, என் டப்பாவில் இருந்த கத்திரிக்காய்க் குழம்பையே சந்தேகப்பட்ட ஆசாமிகள் அவர்கள். ஆகவே அக்கா மாடியைப் பார்த்தாள், நான் கீழே பார்த்தேன். அரிசி டின், கக்கூஸ் தொட்டி, மெத்தைக்கு அடி, கோழிக்கூண்டு, தையல் மெஷின் பெட்டி. கோழி கொத்தினது மட்டும்தான் மிச்சம். மழை இருட்டிக்கொண்டு நின்றது, பெய்கிற வழியாக இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தையல் மெஷினில் பாதி தைத்த புது உடுப்பு ஒன்று கிடந்தது. நல்ல சிவப்புத் துணி. மந்திரி பெண்டாட்டி போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்று நான் கண்ணடித்தேன். அக்கா நேராகச் சமையற்கட்டுக்குப் போய், தேங்காய்ப் பாலில் மீனைப் போட்டுக்கொண்டிருந்த ஐயாவின் மனைவி மகெரேத்தாவிடமே கேட்டுவிட்டாள். மந்திரி வீட்டம்மா ஆக ஆசையா என்று.

மகெரேத்தா கரண்டியைக் கீழே வைத்தாள். "பெனியோட அம்மா செரெய்மா, சர்ச்சுல எனக்கு முன்வரிசை. ஞாயித்துக்கெழம அவ முதுகைப் பாத்துக்கிட்டுத்தான் நான் பாட்டுப் பாடணும். இவர் கையெழுத்துப் போட்டா நான் எங்க போய் உக்காருறது, சொல்லு."

சிவப்பு உடுப்பு மகள் கல்யாணத்துக்காம். நான் மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றரை ஆகிவிட்டது. கேட்டில் இப்போது மூன்று சிப்பாய்கள். கூடத்தில் சேப்பங்கிழங்கும் மீனும் வைத்துச் சாப்பிட்டோம், மறுபடியும் யங்கோனா ஆரம்பித்தது. நாலு கால் மரப்பாத்திரம் நடுவில். அதற்குப் பின்னால் கார்ப்பரல் ஜொலாமே சம்மணம் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தான். இசிரேலி ஐயாவின் அக்கா மகன். ஒரே அக்கா, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளுக்கு இவன் ஒரே பிள்ளை. மூன்று மணி வரைக்கும் மாமாவுக்குத் துணையாக இருக்கச் சொல்லி முந்தின ராத்திரியே முகாமிலிருந்து அவனை அனுப்பியிருந்தார்கள். துணை என்றால் காவல், அது அந்த வீட்டுக் கோழிக்கும் தெரியும். ஆனாலும் பையன் பணிவானவன். சாப்பாட்டுத் தட்டைக்கூட உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டான்.

நான் நாலாவது தடவையாகக் கக்கூஸுக்குப் போய்விட்டு வந்து பின்வாசலில் நின்ற அக்காவிடம் புலம்பினேன். யங்கோனா குடித்தால் உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வாசலைத் தேடும். ஒற்றைக் கக்கூஸ், வெளியே பெரியவர்கள் மூன்று பேரும் வரிசையில், பேங்கில் டோக்கன் வாங்கின மாதிரி.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அந்த வரிசையில யாரு யாரு?"

"மூணு பெருசும். ஐயா ரெண்டு தடவை. நான் நாலு."

"ஜொலாமே?"

நான் யோசித்தேன். நாங்கள் வந்ததிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு முன்னாலும் எழுந்திருக்கவில்லை என்று வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார், நல்ல பையன், ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் அசையவில்லை என்று மெச்சிக்கொண்டார். ஒன்பதிலிருந்து இரண்டு வரைக்கும். குடிக்காமலும் இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் அவனுக்கும் தேங்காய்ச் சிரட்டை நிறையப் போகிறது.

"ஒண்ணு அவன் ஒட்டகம், இல்லேன்னா எதையோ அடைகாக்குறான்" என்றேன்.

"இன்னொண்ணு பாரு மாரப்பா. உங்க வீட்டுல கரைக்கும்போது கயித்தை நீட்டி வைப்பீங்களா?"

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் பேசின். கயிறு என்றால் மொபைல் சார்ஜர் கயிறுதான் குறுக்கே கிடக்கும். அதைச் சொல்லிவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மரப்பாத்திரத்திலிருந்து வெள்ளைச் சோழி கட்டின கயிறு பாயின் மேல் நேராக நீண்டு ஐயாவின் இடத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பெரிய சபை கூடுகிறபோது, முதல் சிரட்டைக்கு மட்டும் நீட்டுகிற கயிறு அது. அப்புறம் சுருட்டி வைத்துவிடுவார்கள். நீட்டி இருக்கிற வரைக்கும் அதைத் தாண்டக் கூடாது, பாத்திரத்தை அசைக்கக் கூடாது. எந்த வீட்டிலும் எவனும் அதை மீற மாட்டான். நானும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, அதை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"பாய்க்கு அடியில" என்றேன்.

"பாத்திரத்துக்கு நேர் கீழ, ரெண்டு பாய்க்கு நடுவுல. நாம போய் எடுக்க முடியாது. கயித்தைத் தாண்டினா பெருசுங்க மூணும் நம்மளத்தான் துரத்தும், பல்லைப் பத்திப் பேச்சே வராது."

"வேற எப்பதான் பாத்திரத்தைத் தூக்குவாங்க?"

"வத்தினா" என்றாள் அக்கா.

பாத்திரம் வற்றிவிட்டால் கரைப்பவன் கை தட்டி, வற்றிவிட்டது என்று சபைக்குச் சொல்லியே ஆக வேண்டும். கயிற்றைச் சுருட்டி, பாத்திரத்தைத் தூக்கி, பாயை உதறியே ஆக வேண்டும். ஜொலாமேவுக்கும் அது தெரியும். அதனால்தான் காலையிலிருந்து அரைப் பாத்திரம் இறங்குவதற்குள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். மணி இரண்டு பத்து.

துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மெயின் குழாயின் திருகு இருந்தது. ஐந்து சுற்று சுற்றி மூடினேன். அக்கா மகெரேத்தாவின் காதில் ஏதோ சொன்னாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை, சமையற்கட்டில் பிடித்து வைத்திருந்த இரண்டு வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போய்ச் செம்பருத்திக்குக் கொட்டினாள். கேட்டில் நின்ற சிப்பாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மந்திரி வீட்டுச் செடி என்று நினைத்திருப்பான்.

நானும் அக்காவும் கூடத்தில் போய் உட்கார்ந்தோம். ஜொலாமே எனக்கு அரைச் சிரட்டை ஊற்றினான். கடல் வற்றிப்போச்சா, ஏற்றமாக ஊற்றப்பா என்று கேட்டேன். பெரியவர்கள் சிரித்தார்கள், நிறைய ஊற்ற வேண்டியதாயிற்று. ஒரே மடக்கு. அக்காவுக்கும் ஏற்றம். பெரியவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. இரண்டு சுற்றில் என் நாக்கு மரத்துவிட்டது, மூன்றாவது சுற்றில் உதடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

ஜொலாமே தண்ணீர் கேட்டான். குழாயில் தண்ணீர் இல்லை என்று உள்ளேயிருந்து மகெரேத்தா சொன்னாள். தமவுவாவில் மதியத்தில் தண்ணீர் நிற்பது யாருக்குப் புதுசு. பெரியவர்கள் குழாயைத் திட்டிவிட்டுச் சிரட்டையை நீட்டினார்கள். அவன் நெற்றியில் வேர்வை. சிரட்டையைப் பாத்திரத்தில் விடுகிறபோதெல்லாம் அது அடியில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஐயா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சிரட்டை கரைப்பவனுக்கு. ஜொலாமே அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். குடி என்று பெரியவர் ஒருவர் அதட்டினார். குடித்தான். கை தட்ட வேண்டும், தட்டவில்லை. கூடம் முழுக்க அவனையே பார்த்தது. பிறகு குழித்த கையால் தட்டி, வற்றிவிட்டது என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான். கயிற்றைச் சுருட்டினான். எழுந்து பாத்திரத்தைத் தூக்கினான்.

கீழே பாய், பிறை மாதிரி புடைத்துக்கொண்டு இருந்தது.

அவனே கையை விட்டு எடுத்தான். மணி இரண்டு நாற்பது. எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போல இருந்தது, கால்தான் மரத்துக் கிடந்தது. பெரியவர்கள் முதலில் திகைத்தார்கள், அப்புறம் ஒருவர் சிரித்தேவிட்டார். அக்கா மகன்தானே, மாமன் வீட்டில் எதை எடுத்தாலும் யார் கேட்பது. எங்கள் பக்கம் அது வழக்கம். அக்கா மகன் மாமனின் பன்றியை ஓட்டிக்கொண்டு போகலாம், படகை எடுத்துக்கொண்டு போகலாம், மாமன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் இறந்துபோன அக்காவை அவமதித்த மாதிரி.

உனைசி அக்கா சிரிக்கவில்லை. அவள் ஜொலாமேயைக்கூடப் பார்க்கவில்லை, ஐயாவைப் பார்த்தாள்.

"கயிறு உங்களுக்கு நேரா நீண்டு கெடந்துச்சு. அஞ்சு மணி நேரமா அதுக்கு முன்னால உக்காந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"ஒம்பதரைக்கே தெரியும்" என்றார் ஐயா. "என் அக்கா மகன் எடுத்ததை நான் எந்த வாயால திருப்பிக் கேக்குறது? அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்." அப்புறம் ஜொலாமே பக்கம் திரும்பினார். "ஏன்னு மட்டும் எனக்குப் புரியல. மந்திரி மருமகன்னு சொல்லிக்க ஆசையாடா?"

ஜொலாமே பல்லை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த மன்னிப்புத் தாள்ல ஏழு பேர் இருக்கு மாமா. அஞ்சாவது நான்."

அடுப்படியில் மகெரேத்தா ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பெயர் தெரியவில்லை என்று ஐயா எழுதின தீர்ப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்தப் பையனை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவும் இல்லை.

"இதை எனக்குக் குடுத்திடுங்க மாமா" என்றான் ஜொலாமே. "நான் உங்க அக்கா மகன். கேக்குறேன்."

பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேட்டுவிட்டான். வாய்விட்டு, சபையில். மாமன் மறுக்க முடியாது. கொடுத்தால் பல் ஐயாவுடையது என்றாகிவிடும், அவர் ஏற்றுக்கொண்டார் என்றாகிவிடும். கேட்டுக்குப் போட்ட பூட்டைவிட இது பெரிய பூட்டு. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

ஐயா கோர்ட்டில் உட்கார்ந்து பேசுகிற குரலில் பேசினார்.

"என் வீடு வேணுமா, எடுத்துக்கோ. நெலம், படகு, அந்தக் கோழி எல்லாம் எடுத்துக்கோ. இது எனக்குச் சொந்தமில்ல. நான் இதைக் கையில வாங்கவே இல்ல. அடுத்தவன் பொருளை மருமகனுக்குத் தூக்கிக் குடுக்க எந்த மாமனுக்கும் உரிமை இல்ல."

"அப்ப நீங்க எழுதின தீர்ப்பைக் குடுங்க. அது உங்க கையெழுத்து."

"அது செரெய்மாவோடது."

ஜொலாமே அப்படியே நின்றான். சீருடையில் இருந்தவன் அவன் ஒருவன்தான். பல்லோடு கேட்டைத் தாண்டி நடந்திருந்தால் எந்தச் சிப்பாயும் நிறுத்தியிருக்க மாட்டான். அவன் முட்டி போட்டு அதைப் பாயில் வைத்தான்.

மூன்று அடிக்கக் கேப்டன் நெமானியின் கார் வந்தது. இஸ்திரி கலையாத உடுப்பு, பளபளக்கிற பூட்ஸ், அதை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஐயா தரையில் உட்கார்ந்து, பல்லை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார், பிரிகேடியர் என்னை மதித்துக் கேட்டதற்கு நன்றி, என்னால் ஆகாது என்றார். கேப்டன் பாத்திரம் இருந்த இடத்தையும் ஜொலாமேயையும் மாறி மாறிப் பார்த்தான். அவனும் எங்கள் மண்ணில் பிறந்தவன்தானே, நீட்டினதை வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கி, கை தட்டி, எழுந்தான்.

"கையெழுத்துப் போட வேற கை கெடைக்கும் சார். ராத்திரிக்குள்ள கெடைச்சிடும்" என்றான் மரியாதையாகவே. "அதுவரைக்கும் இந்த வீட்டுலேருந்து யாரும் வெளிய போக வேணாம். கார்ப்பரல், நீ வா. உனக்கு இங்க வேலை முடிஞ்சுது."

ஜொலாமே நகரவில்லை. கேப்டன் இன்னொரு தடவை கூப்பிட்டான். நகரவில்லை. கேப்டன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் பூட்ஸை மாட்டிக்கொண்டான். கேட் மறுபடியும் பூட்டின சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், இப்போது ஆறு சிப்பாய்கள். என் டாக்ஸிக்கு முன்னால் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள்.

போனால் ராத்திரிக்குள் மன்னிப்பு. அது அந்தப் பையனுக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து மாமாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தான், காலையிலிருந்து கயிறு கிடந்த அதே இடத்தில்.

"மாமா, இன்னொண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நான் செரெய்மாகிட்டயும் கோர்ட்டுலயும் போய்ச் சொன்னேன்னா, அன்னிக்கு நீங்க என் பக்கத்துல வந்து உக்காருவீங்களா?"

ஐயா கையை நீட்டி அவன் பிடரியைப் பிடித்துத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டார்.

"அது என்னோடது" என்றார். "எடுத்துக்கோ."

உனைசி அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். என்னாலும் அங்கே உட்கார முடியவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிடப் பின்கட்டுக்குப் போனேன்.